காற்றிலிருந்து வெந்நீர்: வீட்டு ஹீட் பம்ப் லாபமா, நட்டமா?



படிப்பை முடித்து வெளியே போனதும் நம்மிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, தெர்மோடைனமிக்ஸின் இரண்டாம் விதி என்ன என்பதாக இருக்காது. பெரியப்பா வீட்டிலும் மாமா வீட்டிலும் இப்படித்தான் கேட்பார்கள்: "ஏங்கண்ணு, நீ மெக்கானிக்கல் தானே படிச்சே? காத்துல இருந்து சுடுதண்ணி போடற மிசினு ஒண்ணு வந்திருக்குதாமா. கரண்டு பில்லு நாலுல ஒண்ணா கொறையும்ங்கறாங்க. வாங்கலாமா, வேண்டாமா?"

கேட்பவர் லட்ச ரூபாய்க்கு மேல் செலவழிக்கப் போகிறவர். விற்பவர் தன் சரக்கைப் பற்றி நல்லதாகத்தான் சொல்லுவார். நடுவில் நின்று உண்மைக் கணக்கைப் போட்டுச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். அந்தக் கணக்கைப் போட உதவுவதற்காகவே இந்தக் கட்டுரை. ஹீட் பம்ப் என்றால் என்ன, அதன் நன்மை என்ன, குறை என்ன, நம்ம கொங்கு மண்டலத்தில் அது எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்று வரிசையாகப் பார்ப்போம்.

ஹீட் பம்ப் என்றால் என்ன?

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நம்ம ஊர் பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன ஊர். 1932-ல் பைகாரா மின்சாரம் வந்ததும், 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் இங்கேயே மோட்டார் தயாரித்ததும் நமக்குத் தெரிந்த வரலாறு. தோட்டத்துக் கிணற்றில் ஓடும் பம்பு தண்ணீரை உண்டாக்குவதில்லை. கீழே கிடக்கிற தண்ணீரை மேலே தூக்கிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். கரண்ட் செலவாவது தூக்குவதற்கு மட்டுமே.

ஹீட் பம்பும் அப்படியே. அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் குறைந்த வெப்பநிலையில் கிடக்கும் வெப்பத்தை எடுத்து, அதிக வெப்பநிலையில் உள்ள தண்ணீர் டாங்கிக்குத் தூக்கிக் கொடுக்கிறது. இங்கே காற்றுதான் கிணறு, டாங்கிதான் மேல்தொட்டி. கீசரோ, மின்சாரத்தையே எரித்து வெப்பமாக மாற்றுகிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கும்போது லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுவது மாதிரி.

உள்ளே இருப்பவை நாம் ரெஃப்ரிஜரேஷன் பாடத்தில் படித்த அதே நான்கு உறுப்புகள்:

1. எவாபரேட்டர்: மின்விசிறி வெளிக்காற்றை இதன் மேல் ஓட்டுகிறது. உள்ளே ஓடும் குளிர்பதனப் பொருள் காற்றை விடக் குளிர்ச்சியாக இருப்பதால், காற்றின் வெப்பத்தை வாங்கி ஆவியாகிறது.
2. கம்ப்ரஸர்: அந்த ஆவியை அழுத்துகிறது. அழுத்தமும் வெப்பநிலையும் ஏறுகின்றன. மின்சாரம் பெரும்பாலும் இங்கேதான் செலவாகிறது.
3. கண்டென்ஸர்: சூடான ஆவி டாங்கித் தண்ணீருக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது.
4. எக்ஸ்பான்ஷன் வால்வ்: திரவத்தின் அழுத்தத்தைக் குறைத்து மறுபடி எவாபரேட்டருக்கு அனுப்புகிறது.

வீட்டு ஃபிரிட்ஜின் வெளிப்பக்கத்தில் சூடு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். காய்கறியிலிருந்து எடுத்த வெப்பமும், கம்ப்ரஸர் செய்த வேலையும் சேர்ந்து அங்கே வெளியேறுகின்றன. ஃபிரிட்ஜில் நாம் வீணாக விடுகிற அந்தச் சூட்டையே பயன்படுத்திக்கொண்டால் அது ஹீட் பம்ப்.

1 யூனிட் மின்சாரம் செலவழித்து, காற்றிலிருந்து 2.5 யூனிட் வெப்பம் எடுத்தால், டாங்கிக்குள் போவது 3.5 யூனிட். கிடைத்த வெப்பத்தைச் செலவான மின்சாரத்தால் வகுத்தால் வரும் 3.5 தான் சி.ஓ.பி. எனப்படும் செயல்திறன் எண். "ஒண்ணு போட்டா மூணரை எப்படிங்க வரும்? ஏமாத்து வேலையா?" என்று யாராவது கேட்டால், மீதி இரண்டரை காற்றிலிருந்து வந்தது என்று சொல்லுங்கள். முதல் விதிக்கு எந்தப் பழுதும் இல்லை.

எங்கிருந்து வந்தது?

இது நேற்று வந்த யோசனை அல்ல. 1852-ல் கெல்வின் பிரபு (அப்போது வில்லியம் தாம்சன்) குளிர்பதன முறையைத் திருப்பிப் போட்டால் கட்டடத்தைச் சூடாக்கலாம் என்று எழுதினார். 1850-களில் ஆஸ்திரியாவின் எபன்ஸே உப்பு ஆலையில் பீட்டர் வான் ரிட்டிங்கர் உப்புநீரைக் காய்ச்சுவதற்கு இதே தத்துவத்தைச் செய்து பார்த்தார். 1938-ல் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகர மன்றக் கட்டடத்தைச் சூடாக்க, லிம்மட் ஆற்று நீரிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் அமைக்கப்பட்டது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஐரோப்பா இதைத் தீவிரமாகக் கவனித்தது. 2022-ல் உக்ரைன் போரினால் எரிவாயு விலை ஏறியபோது அங்கே விற்பனையும் ஏறியது. பனி பெய்யும் நார்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளில் இன்று இது சாதாரண வீட்டுச் சாமான்.

ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. அவர்களுக்கு வீட்டையே சூடாக்க வேண்டும். அங்கே வெப்பம் மாதக்கணக்கில், நாள் முழுவதும் தேவை. நம்ம சமவெளிக்கு வீட்டைச் சூடாக்க வேண்டியதே இல்லை. நமக்குத் தேவை குளிக்கச் சுடுதண்ணி மட்டுமே. ஆகவே அந்த நாட்டு லாபக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கணக்குப் போடும்போது தேவைப்படும்.

"ஹெட்" கூடினால் கரண்ட் கூடும்

பம்பில் ஹெட் கூடக்கூட, அதே தண்ணீருக்கு அதிகக் கரண்ட் ஆகும். ஹீட் பம்பில் ஹெட் என்பது வெப்பநிலை வித்தியாசம். எவாபரேட்டருக்கும் கண்டென்ஸருக்கும் இடையே எத்தனை டிகிரி தூக்குகிறோம் என்பதுதான் அது. கார்னோ சூத்திரப்படி,

அதிகபட்ச சி.ஓ.பி. = கண்டென்ஸர் வெப்பநிலை ÷ (கண்டென்ஸர் − எவாபரேட்டர்)

இரண்டு வெப்பநிலையையும் கெல்வினில் போட வேண்டும். தண்ணீரை 55 டிகிரிக்கு ஏற்றக் கண்டென்ஸர் 60 டிகிரி, அதாவது 333 கெல்வினில் இருப்பதாகவும், எவாபரேட்டர் காற்றை விட 10 டிகிரி குளிர்ந்து இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். உண்மையான இயந்திரம் கார்னோ எண்ணில் ஏறத்தாழ 45 சதவீதம் கொடுக்கும் என்று எடுத்துக்கொள்வோம்.

கோவை, மதியம், காற்று 34 டிகிரி: 333 ÷ 36 = 9.25. நடைமுறையில் சுமார் 4.2.
கோவை, மார்கழி விடியற்காலை, காற்று 20 டிகிரி: 333 ÷ 50 = 6.66. நடைமுறையில் சுமார் 3.
ஊட்டி, பனிக்கால விடியற்காலை, காற்று 5 டிகிரி: 333 ÷ 65 = 5.12. நடைமுறையில் சுமார் 2.3.

இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, கோவையிலேயே விடியற்காலையில் ஓட்டுவதற்கும் மதியம் ஓட்டுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. டைமர் வைத்து மதியம் 1 மணிக்கு ஓட்டி, நன்றாகக் காப்பிட்ட டாங்கியில் மறுநாள் காலை வரை வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். மொட்டை மாடியில் சோலார் பேனல் இருந்தால் அந்த மின்சாரமும் அதே நேரத்தில்தான் கிடைக்கிறது. இரண்டு, தண்ணீரைத் தேவைக்கு மேல் சூடாக்கினால் சி.ஓ.பி. விழும். கீசரில் சூட்டை ஏற்றினால் ஏற்றிய அளவுக்குத்தான் கூடுதல் செலவு. ஹீட் பம்பிலோ ஏற்றிய அளவுக்கும் செலவு, மொத்தத் திறனும் குறைவு என்று இரட்டை அடி.

நன்மைகள்

1. மின்சாரச் சிக்கனம். அதே சுடுதண்ணிக்குக் கீசரின் செலவில் மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு மின்சாரம் போதும்.

2. குறைந்த லோடு. வீட்டுக் கீசர் பொதுவாக 2 கிலோவாட், 3 கிலோவாட். வீட்டு ஹீட் பம்ப் ஏறத்தாழ 1 கிலோவாட்டிலேயே ஓடிவிடும். பழைய வயரிங் உள்ள வீடுகளுக்கு இது நல்லது.

3. மழையிலும் இரவிலும் வேலை செய்யும். சோலார் ஹீட்டருக்கு வெயில் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும், வால்பாறை மாதிரி வாரக்கணக்கில் வெயில் பார்க்காத ஊரிலும் ஹீட் பம்ப் கைவிடாது.

4. மொட்டை மாடி தேவையில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் காற்றோட்டமான ஒரு பால்கனி மூலை கிடைத்தால் போதும்.

5. இலவசக் குளிர்காற்று. எவாபரேட்டரிலிருந்து வெளியேறும் காற்று குளிர்ந்தும் ஈரப்பதம் குறைந்தும் வரும். பங்குனி, சித்திரை வெயிலில் அதைச் சமையலறைப் பக்கமோ சாமான் அறைப் பக்கமோ திருப்பிவிடலாம்.

6. நிலக்கரி மிச்சம். மேட்டூர் மாதிரி அனல் மின் நிலையத்தில் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. அந்த மின்சாரத்தை மறுபடி கீசரில் வெப்பமாக்குவது, மூன்று ரூபாயை ஒரு ரூபாயாக்கிச் செலவழிப்பது போல. தொலைத்த அந்த வெப்பத்தை ஹீட் பம்ப் காற்றிலிருந்து திரும்ப எடுத்துக் கொடுக்கிறது.

குறைகள்

1. விலை. கீசர் சில ஆயிரங்களில் முடியும். 200 லிட்டர் ஹீட் பம்ப் லட்ச ரூபாய் அளவில் நிற்கிறது. கேட்கிறவர் தயங்குவதும் இதற்காகத்தான்.

2. நிதானம். திடீரென்று பத்துப் பேர் விருந்தாளி வந்தால் உடனே சுடுதண்ணி கிடைக்காது. 1 கிலோவாட் கம்ப்ரஸர், சி.ஓ.பி. 3.5 என்றால் 200 லிட்டரை 30 டிகிரி ஏற்ற 2 மணி நேரம் ஆகும்.

3. உப்புத் தண்ணி. சிறுவாணித் தண்ணி மென்மையானது. ஆனால் குளிக்கவும் துவைக்கவும் நம்ம பக்கம் பல வீடுகளில் ஓடுவது போர்வெல் தண்ணி, நாம் சப்பைத் தண்ணி என்கிறோமே அது. சூடாக்கினால் கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படியும். அந்தப் படிவு வெப்பம் கடத்தாது. கண்டென்ஸர் இன்னும் சூடாக வேண்டியிருக்கும், "ஹெட்" கூடும், சி.ஓ.பி. குறையும், கடைசியில் கம்ப்ரஸர் போகும். சாஃப்ட்னர் வைத்தால் அதுவும் ஒரு செலவு.

4. குளிர் ஊரில் பனிப்படலம். காற்று 5 டிகிரியை ஒட்டி இறங்கினால் எவாபரேட்டர் சுழிக்குக் கீழே போய், காற்றின் ஈரம் அதன் மேல் உறைந்துவிடும். காற்று உள்ளே போக முடியாது. அப்போது இயந்திரம் சற்று நேரம் சுற்றைத் திருப்பிப் பனியை உருக்கும். இதுவே டிஃப்ராஸ்ட். அந்த நேரத்தில் தண்ணீர் சூடாவதற்குப் பதில், இருக்கிற சூடும் கொஞ்சம் திரும்பப் போகும்.

5. சத்தம். விசிறியும் கம்ப்ரஸரும் ஏ.சி.யின் வெளி யூனிட் மாதிரி இரையும். படுக்கையறை ஜன்னலுக்கு அடியில் வைத்தால் வீட்டுக்காரருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சண்டை வரும்.

6. பழுது. கீசரில் காயில் போனால் தெருமுனை எலக்ட்ரீஷியன் மாற்றிவிடுவார். ஹீட் பம்புக்கு குளிர்பதனமும் தெரிந்த, பிளம்பிங்கும் தெரிந்த ஆள் வேண்டும். வோல்டேஜ் தாழும் கிராமப்புறத்தில் கம்ப்ரஸருக்குப் பாதுகாப்பும் வேண்டும்.

7. குளிர்பதன வாயு. 1987 மாண்ட்ரீல் ஒப்பந்தத்தின் கீழ், ஓசோனைக் கெடுக்கும் ஆர்-22 படிப்படியாக விலக்கப்படுகிறது. அதற்குப் பதில் வந்தவற்றில் ஆர்-134ஏ கார்பன் டை ஆக்சைடைப் போல் சுமார் 1,430 மடங்கும், ஆர்-410ஏ சுமார் 2,090 மடங்கும், ஆர்-32 சுமார் 675 மடங்கும் பூமியைச் சூடாக்கக் கூடியவை. இவற்றைக் குறைக்க 2016-ல் கிகாலியில் முடிவானது. இந்தியா 2021-ல் அதை ஏற்றது. ஆர்-290 எனப்படும் புரொப்பேன் இந்த விஷயத்தில் மிகவும் நல்லது, ஆனால் தீப்பிடிக்கும். ஆகவே வேலை தெரியாதவர் கை வைக்கக் கூடாது.

இப்போது கணக்கு

நன்மை ஆறு, குறை ஏழு என்று பட்டியல் போட்டு மார்க் வாங்கலாம். பெரியப்பாவுக்குப் பதில் சொல்ல அது போதாது. மூன்று வீடுகளுக்குக் கணக்குப் போடுவோம்.

கொடுக்கப்பட்டவை: நீரின் தன்வெப்பம் 4.186 கிலோ ஜூல். 3,600 கிலோ ஜூல் = 1 யூனிட். கணக்குக்காக யூனிட் விலை ரூ.8 என்றும், ஹீட் பம்ப் ரூ.1,20,000, இரண்டு கீசர் ரூ.20,000 என்றும் எடுத்துக்கொள்வோம். வித்தியாசம் ரூ.1,00,000. டாங்கியில் நின்றபடியே போகும் சூட்டை இருபக்கமும் விட்டுவிடுவோம்.

வெப்பம் = நிறை × தன்வெப்பம் × வெப்பநிலை உயர்வு

வீடு 1: காந்திபுரத்தில் நான்கு பேர், பக்கெட் குளியல்.
ஆளுக்கு 20 லிட்டர், 25-லிருந்து 40 டிகிரி வரை.
20 × 4.186 × 15 = 1,256 கிலோ ஜூல் = 0.35 யூனிட். நான்கு பேருக்கு 1.4 யூனிட்.
சி.ஓ.பி. 3.5 ஹீட் பம்புக்கு 0.4 யூனிட். நாளொன்றுக்கு மிச்சம் 1 யூனிட்.
வருடத்தில் 200 நாள் சுடுதண்ணி என்றால் மிச்சம் 200 யூனிட், ரூ.1,600.
போட்ட பணம் திரும்ப 62 வருடத்துக்கு மேல்! பாதி விலையில் சின்ன இயந்திரம் கிடைத்தாலும் 25 வருடம் ஆகும்.

வீடு 2: சரவணம்பட்டியில் ஐந்து பேர், ஷவர் குளியல், சமையலறைக்கும் சுடுதண்ணி.
நாளுக்கு 200 லிட்டர், 25-லிருந்து 55 டிகிரி வரை.
200 × 4.186 × 30 = 25,116 கிலோ ஜூல் = 7 யூனிட். ஹீட் பம்புக்கு 2 யூனிட். மிச்சம் 5 யூனிட்.
200 நாளுக்கு 1,000 யூனிட், ரூ.8,000. பணம் திரும்ப 12.5 வருடம். இயந்திரத்தின் ஆயுளே ஏறத்தாழ அவ்வளவுதான். லாபமும் இல்லை, பெரிய நட்டமும் இல்லை.

வீடு 3: ஊட்டியில் ஐந்து பேர்.
தண்ணீரே 15 டிகிரியில் வருகிறது. 200 லிட்டரை 55 வரை ஏற்ற 200 × 4.186 × 40 = 33,488 கிலோ ஜூல் = 9.3 யூனிட்.
குளிரால் சி.ஓ.பி. சராசரி 2.5 தான். செலவு 3.7 யூனிட். மிச்சம் 5.6 யூனிட்.
அங்கே 365 நாளும் சுடுதண்ணி வேண்டும். வருட மிச்சம் 2,044 யூனிட், சுமார் ரூ.16,350. பணம் திரும்ப சுமார் 6 வருடம்.

கவனித்தீர்களா? சி.ஓ.பி. நன்றாக இருக்கும் கோவையில் லாபம் குறைவு. சி.ஓ.பி. மோசமாக இருக்கும் ஊட்டியில் லாபம் கூட. காரணம், லாபத்தை முடிவு செய்வது இயந்திரத்தின் திறன் மட்டுமல்ல. அந்த வீடு வருடம் பூராவும் எவ்வளவு சுடுதண்ணி செலவழிக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. வெயில் ஊரில் இயந்திரம் நன்றாக ஓடும், ஆனால் அதற்கு வேலை இருக்காது. பத்து ஏக்கர் பாய்ச்சுகிற மோட்டாரை வாங்கி இரண்டு தென்னைக்குத் தண்ணி விடுகிற கதை அது.

இன்னொன்று, யூனிட் விலை. நம்ம மின் கட்டணம் ஸ்லாப் முறை, பயன்பாடு கூடக்கூட ரேட் கூடும். 2016-ல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றும் ஆனது. மிச்சமாகும் யூனிட் மேல் ஸ்லாப்பிலிருந்துதான் கழியும். ஆகவே சராசரி ரேட்டைப் பார்க்காமல், அந்த வீட்டின் கடைசி யூனிட் என்ன ரேட்டில் இருக்கிறது என்று பாருங்கள். ஊட்டி வீட்டுக்கு ஃபேன், ஏ.சி. செலவு இல்லை. கடைசி யூனிட் ரூ.5 என்றால் அதே வீட்டின் மிச்சம் ரூ.10,220 ஆகிவிடும், பணம் திரும்பப் பத்து வருடம் ஆகும். அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டக் கூடாது.

சோலாரா, விறகா, ஹீட் பம்பா?

சொந்த மொட்டை மாடி, நிழல் விழாத இடம், நல்ல தண்ணி. இந்த மூன்றும் உள்ள சமவெளி வீட்டுக்குச் சோலார் வாட்டர் ஹீட்டரே முதல் தேர்வு. விலை குறைவு, எரிபொருள் இலவசம், ஓடுகிற உறுப்பு எதுவும் இல்லை. மழைக்காலத்துக்கு மட்டும் ஒரு மின் காயில் துணைக்கு வேண்டும்.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வீடுகளில் மட்டையும் பாளையும் தேங்காய்த் தொட்டியும் சும்மா கிடைக்கின்றன. செம்பு பாய்லரில் அதைப் போட்டு எரித்தால் செலவே இல்லை. புகை மட்டும்தான் கெடுதல். அதனால் அடுப்பு வீட்டுக்கு வெளியே, புகைபோக்கியோடு இருக்க வேண்டும். அந்த வீட்டுப் பெரியவரிடம் ஹீட் பம்பை விற்பது நியாயமில்லை.

ஹீட் பம்புக்கு உரிய இடங்கள் வேறு: ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, வால்பாறை, ஏற்காடு மாதிரி வருடம் முழுவதும் சுடுதண்ணி தேவைப்படும் மலை ஊர்கள், மொட்டை மாடி உரிமை இல்லாத பெரிய குடும்பங்கள், விடுதிகள், ஆஸ்பத்திரிகள், லாட்ஜுகள். மலை ஊரில் அறையைச் சூடாக்கவும், காயில் ஹீட்டரை விட "ஹாட் அண்ட் கோல்ட்" ஏ.சி. சிக்கனம். அதுவும் ஒரு ஹீட் பம்ப்தான், நான்கு வழி வால்வ் சுற்றைத் திருப்பிவிடுகிறது.

போடும்போது கவனிக்க வேண்டியவை

1. காற்றோட்டம். மூடிய டக்டில் வைத்தால், தான் விட்ட குளிர்காற்றையே மறுபடி இழுக்கும். சி.ஓ.பி. விழும். சுற்றிலும் இடம் விடுங்கள்.

2. வடிகால். எவாபரேட்டரில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். குழாய் வைத்து வெளியே விட வேண்டும்.

3. பைப் நீளம். முக்கால் இன்ச் பைப் 15 மீட்டரில் 4 லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு முறையும் அது ஆறிப்போய் வீணாகும். டாங்கி குளியலறைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பைப்புக்குக் காப்பு போடுங்கள்.

4. சுகாதாரம். 20 முதல் 45 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். சிக்கனம் என்று டாங்கியை எப்போதும் 40-ல் வைக்கக் கூடாது. வாரம் ஒரு முறையாவது 60 டிகிரிக்கு ஏற்ற வேண்டும்.

5. பாதுகாப்பு. சரியான எர்த், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர், டாங்கிக்குப் பிரஷர் ரிலீஃப் வால்வ். இந்த மூன்றும் இல்லாமல் ஸ்விட்சைப் போடாதீர்கள்.

6. ஆனோடு கம்பி. டாங்கி துருப்பிடிக்காமல் தன்னைக் கரைத்துக்கொள்ளும் கம்பி அது. கரைந்து தீர்ந்த பிறகு டாங்கிதான் கரையும். போர்வெல் தண்ணி உள்ள வீட்டில் அடிக்கடி கழற்றிப் பாருங்கள்.

முடிவுரை

ஹீட் பம்ப் நல்ல இயந்திரம். அதில் சந்தேகமில்லை. ஆனால் நல்ல இயந்திரம் எல்லா வீட்டுக்கும் நல்ல முதலீடு ஆகிவிடாது. ஆகவே "வாங்கலாமா?" என்று யார் கேட்டாலும் விலைப்பட்டியலை எடுப்பதற்கு முன் ஐந்து கேள்வி கேளுங்கள்:

"வீட்ல எத்தனை பேருங்க? பக்கெட்டா, ஷவருங்களா? வருசத்துல எத்தனை நாள் சுடுதண்ணி வேணுமுங்க? ஆத்துத் தண்ணியா, போர் தண்ணிங்களா? கடைசி கரண்டு பில்லு எவ்வளவு வந்துச்சுங்க?"

இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்தால், மேலே உள்ள கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடலாம். "உங்க வீட்டுக்கு இது வேண்டாமுங்க" என்று சொல்ல வேண்டி வந்தால் தயங்காமல் சொல்லுங்கள். ஒரு வியாபாரம் போகலாம். ஆனால் அடுத்த தடவை மோட்டார் வாங்கவும் அவர் உங்களைத்தான் தேடி வருவார்.

பயிற்சிக்கு ஒரு கணக்கு: 100 மாணவர் தங்கும் விடுதி. ஆளுக்கு 20 லிட்டர், 25-லிருந்து 40 டிகிரி வரை, வருடத்தில் 200 நாள். சி.ஓ.பி. 3.5. கீசருக்குப் பதில் ஹீட் பம்ப் போட்டால் வருடத்துக்கு எத்தனை யூனிட் மிச்சம்? போட்டுப் பாருங்கள். 5,000 யூனிட் வந்தால் உங்கள் கணக்கு சரி. அதே ஒரு பக்கெட் தண்ணீர்தான். காந்திபுரம் வீட்டில் பயனில்லாத இயந்திரம் இங்கே ஏன் யோசிக்கத் தக்கதாகிறது என்பதை உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரி வந்துவிட்டால் இந்தப் பாடம் உங்களுக்குப் புரிந்துவிட்டது.